குழாய்க்குள் போன தாள்

எங்கள் பக்கத்தில் தாளைக் குப்பையில் போட்டால் திட்டு விழும். பள்ளிக்கூட நோட்டு, பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் வெடிக்குக் குழாய் சுருட்ட ஆகும். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, குழாய் உருட்டிக்கொண்டிருப்பார்கள். நான் செய்த தப்புக்குப் பழக்கத்தைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆனால் வேறு ஊர்க்காரி யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

எனக்கு ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை. சூலக்கரைப் பக்கம் ஆபீஸ். மாவட்டத்து முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழர்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஏற்ற வேண்டும். முப்பது வருஷமாக இங்கேயே இருப்பவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து எங்களை மாதிரியே பேசுகிற பிள்ளைகளும், அந்தத் திரையில் வெளிநாட்டவர்தான். பெயர், பிறந்த ஊர், கரையிறங்கிய இடம், போன் நம்பர், போட்டோ, பத்து விரல் ரேகை எல்லாம் வேண்டும். நானும் அடையாள அட்டைக்கு ரேகை கொடுத்தவள்தான். ஆனால் என்னிடம் யாரும் எந்தப் படகில் வந்தாய் என்று கேட்டதில்லை.

முகாமில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். எழுதியதை அச்செடுத்து, சத்தமாக வாசித்துச் சரிபார்த்து, கையெழுத்து வாங்குவோம். வாசிப்பது வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும். அது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வேலை வேகமாக முடிந்தால் போதும். எனக்கு ஒரு இடத்தில் அரை மணி நேரம் உட்காருவதே பெரும்பாடு.

ஒரு அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் என்ற கட்டம் வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதை வெறுமையா விடேலாதா, தங்கச்சி?"

"நட்சத்திரம் போட்ட கட்டம்க்கா. விட்டா அடுத்த பக்கம் போகாது. இருக்காரா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க."

பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மேசை மேல் குனிந்து ரகசியமாகச் சொன்னார். கணவர் உயிரோடு வவுனியாவில் இருக்கிறார், வேறொரு குடும்பத்தோடு. மகளுக்கு மூன்று வயதில் இவர் படகேறிவிட்டார். அப்பா செத்துவிட்டார் என்று சொல்லித்தான் மகளை வளர்த்திருக்கிறார். முகாமுக்கும் அதே கதைதான். வந்து இறங்கிய அன்று எழுதிய முதல் பதிவில் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்ததால், இப்போது மாற்றிச் சொன்னால் வில்லங்கம் வரும் என்று பயம்.

"இதை வாசிக்காதையுங்கோ. இந்தக் கடதாசி ஒருத்தற்ற கையிலயும் போகாதுதானே?"

"என் கையத் தாண்டாதுக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அடுத்த ஆளை அனுப்பச் சொல்லிக் கையைக் காட்டியதும் நினைவிருக்கிறது.

அவருடைய முதல் அச்சில் மகளின் போட்டோ பாதி விழுந்திருந்தது. மறுபடி அச்செடுத்து, வாசிக்காமலே கையெழுத்து வாங்கினேன். கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. ஆபீஸில் தாள் கிழிக்கிற மிஷின் கெட்டுக் கிடந்தது. கெட்டித் தாள், ஒரு பக்கம் வெள்ளை. கையால் கிழிக்க மனசு வரவில்லை. அந்த வாரத்துக் கழிவை மொத்தமாகப் பைக்குள் திணித்து அண்ணன் மனைவியிடம் கொடுத்தேன். மதினிக்கு வாயெல்லாம் பல்.

"எம்புட்டு நல்ல தாளு! இதப் போயி கிழிக்கச் சொல்லுதாகளா?"

நான்கைந்து நாள் கழித்து, காலையில் பல் விளக்கிக்கொண்டே மதினியின் முறத்தைப் பார்த்தேன். விரல் நீளக் குழாய்கள். ஒன்றின் மேல் 'மனைவி', 'உயிருடன்' என்று எழுத்து தெரிந்தது. யாருடைய வரியோ, அந்த அக்காவுடையது இல்லை. ஆனால் வாயில் இருந்த நுரையைத் துப்ப மறந்து நின்றேன். மதினி தாளைக் குறுக்குவாட்டில் பட்டையாக வெட்டுவார். எங்கள் படிவத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வரி: பெயர், உறவு, கணவர், இருக்கிறாரா இல்லையா, எந்த ஊர். ஒரு பட்டைக்கு ஒரு வரி முழுசாக வந்துவிடும். வேண்டுமென்றே செய்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது.

"மத்ததெல்லாம் எங்கன வச்சிருக்கீக மதினி?"

"நேத்தே லோடு போயிருச்சே. ஏன் புள்ள, மொகம் இப்படி வெளிறிப்போச்சு?"

வீட்டில் மிச்சம் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விரல் நுனியெல்லாம் பசை. அந்த அக்காவின் வரி அதில் இல்லை. ஆபீஸுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, குழாய் போன வெடிக் கம்பெனிக்கு ஸ்கூட்டியில் பறந்தேன். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போர்மேன் வெளியே வந்து, நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"தீபாவளி சீசன்ல வந்து இப்படிக் கேக்கீகளே. உள்ள எம்புட்டு சாக்கு கெடக்கு தெரியுமா? பாதிக் குழாய் வெடிமருந்து அடைக்கப் போயிருச்சு. மருந்து ரூம்புக்குள்ள உங்கள விட்டா என் வேல போயிரும். வெடிச்சா எழுத்தா நிக்கப் போகுது? போங்கம்மா."

அவர் சொன்னது நியாயம்தான். வெடித்தால் துகள் துகளாகிவிடும். ஆனால் வெடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயையும் ஒரு பெண் கையில் எடுப்பாள் அல்லவா? வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. வெயிலில் சும்மா இரண்டு முறை சாத்தூர் வரை போய்த் திரும்பினேன். பிறகு முகாமுக்கு வண்டியை விட்டேன்.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிச்சிருங்க என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவர் கத்தவில்லை. நனைந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"எந்தக் கொம்பனி?"

சொன்னேன்.

"என்ர மகள் அங்கதான் போறவள். மருந்து அடைக்கிற வேலை."

ஓடிவிடலாம் போல இருந்தது. எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"எங்க போறாய்? எழுதிக்கொண்டு போனது நீதானே. அவள் வரட்டும். குழாய் சொல்ல முதல் நான் சொல்லிப்போடுறன். நீயும் இரு."

கம்பெனி பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அவர் அதே சேலையை மூன்று தடவை பிழிந்தார். நான் வாசலுக்கும் கொடிக்கும் நடந்தேன். இடையில் ஒரு தடவை, "கம்ப்யூட்டரில போட்டது எங்க போகும்?" என்று கேட்டார். சப்மிட் அழுத்தினால் பச்சையாக ஒரு டிக் வரும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதைத்தான் சொன்னேன்.

மகள் வந்தாள். கழுவியும் போகாத மருந்துக் கறை, நகமெல்லாம் வெள்ளி நிறம். போட்டோ எடுத்தவள் என்று என்னை அடையாளம் கண்டு, "அக்கா, இங்கன என்ன செய்றீக?" என்றாள். அம்மா அவளை உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தார். "பிள்ளை, உங்கட அப்பா..." அழுதார்.

மகள் டிபன் வாளியைக் கீழே வைத்தாள்.

"வவுனியாவுல இருக்காரு. தெரியும்மா."

"ஆர் சொன்னது?" அம்மாவின் குரல் கீச்சென்று வந்தது. குழாய்தான் சொல்லிவிட்டது என்று நினைத்தேன்.

"நான் ஏழாப்பு படிக்கையில கணக்கெடுக்க வந்தாக. நீங்க வேலைக்குப் போயிருந்தீக. எம் பேரச் சரிபாக்கேன்னு பழைய பதிவுல இருந்த எல்லாத்தையும் ஒருத்தரு சத்தமா வாசிச்சாரு. வரிசைல நின்ன அம்புட்டு பேருக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவீகன்னு யாருமே உங்ககிட்ட காட்டிக்கிடல."

அத்தனை வருஷம். அந்த அக்கா யாரிடமிருந்து ஒளித்தாரோ, அவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரிடம் ஒளித்திருக்கிறார்கள். மகள் அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கறை சேலையில் பட்டது. நான் அங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

மறுநாள் இன்னொரு முகாம். அதே மேசை, அதே வரிசை. வரிசையைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். உடன் வேலை பார்ப்பவர் முறைத்தார். எழுதியதை வாசிக்காமல் திரையைத் திருப்பிக் காட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காதருகே போய்ச் சொன்னேன். கெட்ட தாள்களை எல்லோர் கண் முன்னாலும் கையாலேயே கிழித்தேன். வேலை பாதிகூட நடக்கவில்லை.

மதியம் ஒரு பெரியவர் பத்து விரலையும் ஒற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டார். "பிள்ளை, இது வெளிய ஒருத்தரிட்டயும் போகாதுதானே?"

வாய்வரைக்கும் அந்தப் பழைய பதில் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுய்யா" என்றேன்.