பெரிம்மா வீட்டு வழியாக ஒரு புள்ளிக்கோடு

எங்கள் ஆபீஸ் கட்டடத்தைக் காலி செய்து மூன்று வருடமாகிறது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள், அதுதான் சௌகரியம் என்று மெயில் வந்தது. யாருக்குச் சௌகரியம் என்று அதில் போட்டிருக்கவில்லை. எனக்கு ஐம்பத்து நாலு வயது. பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. அதற்குக் கண் போதும், வாய் வேண்டாம். கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். படியில் பார்த்தால் சிரிப்பார்கள், தண்ணீர் வருகிறதா என்று கேட்பார்கள். சில நாள் சாயங்காலம் பால் வாங்கப் போய் "அரை லிட்டர்" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு அதுதான் என் முதல் பேச்சு என்று அப்போது உறைக்கும்.

பேச ஆள் என்றால் பார்சல்காரர்கள்தான். எங்கள் சந்து அப்போது எந்த வரைபடத்திலும் இல்லை. சர்ச் மதிலை ஒட்டித் திரும்பி, ஒரு பலாமரத்தடியில் முட்டி நின்றுவிடும். பார்சல் கொண்டு வருகிறவர் ஒவ்வொருவரும் சர்ச் வாசலில் நின்று போன் செய்வார். தமிழ், கன்னடம், ஹிந்தி, எதிலாவது ஒன்றில் வழி கேட்பார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "கண்ணு எங்க இருக்கு? பச்சை கேட் தெரியலையா? அதைத் தாண்டி வாங்க, திரும்பாதீங்க, ஐயோ திரும்பாதீங்கன்னா" என்று கத்துவேன். அவர் வந்து சேரும்போது நான் மாடிப்படியில் நிற்பேன். "இன்னா மேடம், உங்க வீட்டைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பாதி பெங்களூரு பார்த்துட்டேன்" என்பார் ஒருவர். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்வேன்.

ஒருநாள் கம்ப்யூட்டர் மீட்டிங்கில் இதைப் பற்றி நான் புலம்ப, கூட வேலை செய்கிற ஒரு பையன் சொன்னான். "அக்கா, திட்டறதை விடுங்க. ஒரு மேப் இருக்கு. அதுக்கு ஓனர் கிடையாது. யார் வேணும்னாலும் வரையலாம், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். சில டெலிவரி கம்பெனிங்க அதைத்தான் எடுத்து வச்சிருக்காங்க. உங்க சந்தை நீங்களே போட்டுடுங்க."

போட்டேன். வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் ஒரு கோடு. சர்ச்சிலிருந்து பலாமரம் வரை. கொஞ்ச நாளில் போன் நின்றுவிட்டது. பார்சல் வாசலில் இருக்கும், அதன் போட்டோ என் போனில் இருக்கும், கொண்டு வந்தவர் போயிருப்பார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் மிக நீளமாக இருந்தது. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

புத்தியுள்ளவள் அத்தோடு விட்டிருப்பாள். நான் இன்னும் வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார முடியவில்லை, அதுதான் காரணம். சேவை, சமூகம் என்று பிறகு யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டேன். வரைய நீலசந்திரா பேட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. அந்த வரைபடத்தில் பக்கத்துப் பேட்டைகள் எல்லாம் கோடும் பெயருமாக இருக்க, அங்கே ஒரு பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் வெறும் கூரைகள்தான் தெரியும். தகர ஷீட்டுக்கு அடியில் எங்கே சந்து ஓடுகிறது என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். இந்த வேலையில் முதல் விதியும் அதுதான். இன்னொரு மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது, நீ கண்ணால் கண்டதைப் போடு.

சிவாஜி நகரில் பஸ் மாறிப் போவேன். கையில் போன், தோளில் பை, மூக்குக் கண்ணாடி. பார்த்த மாத்திரத்தில் என்னைக் கார்ப்பரேஷன் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். "ரோடு போடப் போறீங்களா மேடம்?" "தண்ணி பைப்பு எப்போ வரும்?" "ரேஷன் கார்டுக்கா?" சும்மா வரைகிறேன், சம்பளம் கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள். சம்பளமில்லாமல் வெயிலில் அலைகிறவளை எப்படி நம்புவது? ஆனாலும் நாலு பேர் என்னிடம் பேசினார்கள். திரும்பி வருகையில் பஸ்ஸில் அந்தப் பேச்சுகளை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன்.

பெரிம்மாவை அப்படித்தான் பார்த்தேன். காய்கறிப் பையோடு போன ஒருத்தியின் பின்னால் ஒரு குறுகிய சந்தில் நுழைந்தேன். நாலு எட்டு வைத்ததும் இடது பக்கம் அடுப்பு, வலது பக்கம் கட்டில். நடுவில் தரையில் உட்கார்ந்து ஒரு அம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். சந்து என்று நினைத்து வீட்டுக்குள் வந்துவிட்டேன். முன்னே போனவள் "கொழம்பு இன்னா பெரிம்மா?" என்றாள். "அவரக்கா. உப்பு கம்மியா போட்டுருக்கேன், பாத்துட்டுப் போ" என்றார் அவர். இவள் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்வாங்கினேன்.

"இன்னாத்துக்குத் திரும்புறே? அப்பிடியே போ. எல்லாரும் இப்பிடித்தான் போவாங்க."

வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று சந்தில், மற்றது மெயின் ரோடு பஸ் ஸ்டாப் பக்கம். இந்த வீடு வழியாகப் போகாவிட்டால், ராஜகாலுவே என்று இங்கே சொல்கிற பெரிய சாக்கடைக் கால்வாயைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் நடக்க வேண்டும். பெரிம்மாவின் வீட்டுக்காரர் மாநகராட்சியில் துப்புரவு வேலையில் இருந்தவர். ஒரு மழைக்காலத்தில் கால்வாய் பொங்கி வழி அடைபட்டபோது அவர்தான் இரண்டு கதவையும் திறந்து வைத்தாராம். தண்ணீர் வடிந்தது, கதவு மூடவில்லை. அவர் இறந்தார், மகன் கல்யாணமாகி ஓசூர் போனான், அப்போதும் மூடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அதை அன்றே என்னிடம் சொல்லிவிட்டார்.

"வாயத் தொறக்காம போவக் கூடாது. ஒரு வார்த்த பேசிட்டுத்தான் போவணும். இல்லனா சுத்திக்கினு போ."

அதனால்தான் எல்லாரும் குழம்பு விசாரித்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள், ஆட்டோக்காரர், புர்கா போட்ட டெய்லர் அம்மா, அவசரத்தில் ஒற்றை ஷூவோடு ஓடுகிற பிள்ளைகள், எல்லாருக்கும் அதுதான் கேள்வி. தனி ஆளான பெரிம்மா பெரிய சட்டியில் குழம்பு வைத்திருந்தது அந்தக் கேள்விக்காகத்தான். நான் தொடர்ந்து நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போனேன். நீலசந்திராவில் வரைவதற்கு எவ்வளவோ சந்து மிச்சமிருக்க, எனக்கு எப்போதும் அந்த வழிதான் வாய்த்தது. "வந்துட்டாடி மேப்புக்காரி" என்பார். கட்டில் ஓரத்தில் உட்கார இடம் தருவார். ஒரு மணி நேரத்தில் முப்பது பேராவது குறுக்கே போவார்கள். அந்த நெரிசலில் உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வழியை நான் வரைந்தேன். வீட்டுக்கு வந்து, இந்தப் பக்கச் சந்தையும் அந்தப் பக்க மெயின் ரோட்டையும் சேர்த்து ஒரு புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் நடக்கும் வழி. கூடவே ஒரு கட்டம் இருக்கும். இது பொதுவழியா, தனியாருடையதா, உரிமையாளர் சம்மதத்தில் போவதா என்று கேட்கும். அதை நான் நிரப்பவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். பார்த்தேன், எல்லாரும்தானே போகிறார்கள் என்று தாண்டிப் போனேன். பெரிம்மாவையும் கேட்கவில்லை. இருபது நிமிடச் சுற்றை ஊருக்கே மிச்சப்படுத்திவிட்ட பெருமையில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஆபீசில் வேலை கழுத்தைப் பிடித்தது, அதன் மேல் ஒரு காய்ச்சல். இரண்டு மாதம் போக முடியவில்லை. மறுபடி போன ஞாயிற்றுக்கிழமை சந்தில் திரும்பினால் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "யாரு?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலில் முகம் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. அந்தப் பக்க வாசலில் புதிதாக இரும்பு கிரில், அதில் ஒரு பூட்டு.

"இன்னா பெரிம்மா இது?"

"எவனெவனோ வர ஆரம்பிச்சிட்டான்மா. தலையில ஹெல்மெட்டு, முதுகுல பொட்டி, கையில போனு. நிமிந்து பாக்கறதில்ல. ஒரு வார்த்த கிடையாது. யாருப்பான்னா, மேப்பு காட்டுதுங்கறான். ஒருத்தன் ஸ்கூட்டரோட உள்ள வந்துட்டான். கொழம்புச் சட்டி கவுந்து என் கால்ல ஊத்துச்சு."

சேலையை லேசாகத் தூக்கிக் காட்டினார். கணுக்காலில் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது.

"பையன் வந்து அவன் போன்ல பாத்தான். கெவர்மெண்டுல நம்ம வூட்ட ரோடுன்னு எழுதிட்டாங்க, உட்டா நாளைக்கு ஜேசிபி வந்து நிக்கும்னு சொல்லி இந்தப் பூட்டப் போட்டுட்டுப் போனான். எனக்கு ராத்திரில தூக்கம் இல்ல. பட்டா கூட அவர் பேர்லதான் கிடக்குது."

கவர்மெண்ட் என்று அவர் நினைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்திருந்தால் கடைசி வரை அப்படியே நினைத்திருப்பார். ஒரு நிமிடம் அந்த யோசனை எனக்கு வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது. பெங்களூரில் என்னை உட்காரச் சொல்கிற வீடு அது ஒன்றுதான், அதை இழக்க எனக்குப் பயம்.

"கவர்மெண்ட் இல்ல பெரிம்மா. அதைப் போட்டது நான்தான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எதுக்குமா போட்டே?"

"யாரும் சுத்திப் போக வேணாமேன்னு."

"இங்க போறவங்களுக்குத் தெரியுமே. தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு?"

போனை எடுத்து அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். வரைபடத்தைத் திறந்து அந்தப் புள்ளிக்கோட்டைக் காட்டினேன். இதுவா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். அழித்தேன். எதை மாற்றினாலும் ஏன் மாற்றினாய் என்று அது கேட்கும். 'இது ஒரு வீடு. வழி இல்லை. நான் செய்த தவறு' என்று எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். வீட்டை யாரும் இடிக்க முடியாது, இது சர்க்கார் காகிதம் கிடையாது, என்னைப் போல வேலையற்றவர்கள் வரைவது என்று சொன்னேன். மகனுக்கும் அவர் போனிலிருந்தே பேசிச் சொன்னேன். அவன் என்னைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். கேட்டுக்கொண்டேன். பழைய பிரதியை எடுத்து வைத்திருக்கிற கம்பெனிகளில் இந்தக் கோடு மறைய இன்னும் நாளாகும், அதையும் மறைக்காமல் சொன்னேன். அதுவரை பூட்டு இருக்கட்டும் என்றான்.

போனை வைத்த பிறகு பெரிம்மாவிடம் கேட்டேன். "அப்புறம் தொறந்துடலாம் இல்ல? எல்லாரும் பழையபடி வருவாங்க."

"அவங்க சுத்திப் போவப் பழகிட்டாங்கமா. கால்வா மேல யாரோ பலகை கூட போட்டுட்டாங்களாம்."

"ஆள் விட்டுக் கூப்பிடலாமே. பக்கத்துலதானே இருக்காங்க."

"இன்னான்னு கூப்பிடறது? வழின்னா சும்மா வருவாங்க. வூடுன்னா வேல இருந்தாத்தான் வருவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாடிப்படியும், வாசலில் பேச்சில்லாமல் இருக்கும் பார்சலும் ஞாபகம் வந்தன. என் வீட்டுக்கு நான் செய்ததையேதான் இவர் வீட்டுக்கும் செய்திருக்கிறேன். என் வீட்டில் அதன் நஷ்டம் என்னோடு போயிற்று.

கிளம்பியபோது சந்துப் பக்கம் திரும்பினேன். "அந்தப் பக்கம் ஏன் போறே, வெயில்ல?" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்து கிரிலைத் திறந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தாண்டப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் எதற்காகவோ காத்துக்கொண்டிருப்பது போல நின்றதும் அதற்குத்தான்.

"கொழம்பு இன்னா பெரிம்மா?" என்றேன்.

"ஒரு ஆளுக்கு இன்னா கொழம்பு" என்றார். "நேத்து ரசம் இருக்குது."

பின்னால் பூட்டு விழும் சத்தம் கேட்டது. இரண்டே நிமிடத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சுற்றி வந்தவர்கள் எனக்குப் பிறகு ஒவ்வொருவராக, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.