குலாம் ரசூல் பாய் விலை சொன்னது

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட தையல் கடை ஒன்று இருந்தது. குலாம் ரசூல் பாயின் கடை. பாயின் அப்பா ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர். பாய் பெண் எடுத்தது போளூரில், சொந்தத் தாய்மாமன் மகள் மெஹ்ருன்னிசாவை. வீட்டில் உருதுதான் பேசுவார்கள். ஆனால் மெஹ்ருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும், அக்கம்பக்கத்துக்கும் புரியட்டும் என்று.

பாய்க்கு ஒருத்தரை மறுத்துப் பேச வராது. துணியைக் குறைத்துக் கொடுத்தவரே வந்து, சட்டைக் கை எட்டவில்லை என்று சத்தம் போட்டாலும், "தப்பு என்னுதுதாங்க" என்பார். நல்லது எல்லாம் எதிராளியால் வந்தது, கெட்டது தன்னால் வந்தது என்று சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

எழுபத்து நாலிலோ ஐந்திலோ ஜெர்மனியிலிருந்து ஆசிரமத்துக்கு எல்சாம்மா வந்தாள். தியானத்துக்கு உட்கார்ந்தால் தரை குத்துகிறது என்று சைகையில் காட்டினாள். பாய் இலவம்பஞ்சு அடைத்து வட்டமாக ஒரு திண்டு தைத்துக் கொடுத்தார். ஊருக்குப் போன எல்சாம்மா அங்கே ஒரு சின்னக் கடை திறந்து, ஐம்பது திண்டு வேண்டும் என்று எழுதினாள். அடுத்த வருஷம் நூறு. ஐந்தாறு வருஷத்தில் அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பாய் துணி எடுப்பார், பஞ்சு வாங்குவார், மெஹ்ருன்னிசா பஞ்சை அடைத்துத் திண்டின் வாயைத் தைப்பாள். மூட்டை கட்டி மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்பினால் பணம் பாங்கிக்கு வந்து சேரும். அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எண்பதாம் வருஷம் வேலூர் வருமான வரி ஆபீசிலிருந்து பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் என்ன பணம் என்று கேள்வி. பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆபீசர் நல்ல மனுஷர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"நீங்க அந்தம்மாகிட்ட வேலைக்கு இருக்கீங்களா பாய், இல்ல சொந்தத் தொழிலா?"

சொந்தம் என்று சொல்ல பாய்க்கு நாக்கு எழவில்லை. அஞ்சு வருஷமாகச் சோறு போடுகிறவளை ஒதுக்கிப் பேசுவது மாதிரி இருந்தது.

"எல்லாம் அவங்க தயவுங்க. நான் அவங்க வேலைக்காரன்தாங்க."

"மெஷின் யாருது?"

மெஷின் அவர் அப்பா வாங்கியது. "அதையும் அவங்களுதுன்னே வெச்சுக்குங்க" என்றார் பாய்.

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

மறுநாள், பாங்கியில் கிளார்க்காக இருந்த வேணு பேண்ட் வாங்கிப்போகக் கடைக்கு வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"வேலைக்காரன்னா வர பணம் மொத்தமும் சம்பளம் பாய். துணி, பஞ்சு, லாரி வாடகை எதையும் கழிக்க முடியாது. அத்தனைக்கும் வரி போடுவாங்க. அதுவாச்சும் உங்களோட போச்சு. இங்க ஆள் வெச்சு வேலை வாங்கறீங்களான்னு அந்தம்மாவையும் கேப்பாங்க. எதுக்கு வம்புன்னு அவங்க ஆர்டரையே நிறுத்திட்டா இன்னா பண்ணுவீங்க?"

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து தமிழ் வந்தது.

"இன்னா சொல்லிட்டு வந்தீங்க? வேலைக்காரனா? எங்க மாமா மெஷினையும் தூக்கிக் குடுத்துட்டு வந்தீங்களா? என்னை யாருதுன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"அக்கா, மெதுவா" என்றான் வேணு.

"நீ பேண்ட்ட எடுத்துக்கினு போப்பா. நாளைக்கு நானும் வேலூர் வரேன்."

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். வரி போட்டு இன்னும் உத்தரவு எழுதவில்லை, மாற்றிச் சொல்வதானால் சொல்லுங்கள் என்றார் ஆபீசர். பாய் தலையைக் குனிந்துகொண்டே, மெஷின் எங்கப்பாவுதுங்க என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"சரி, இத மட்டும் சொல்லுங்க. சரக்கு கெட்டுப்போனா நஷ்டம் யாருக்கு?"

மெஹ்ருன்னிசாதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு வருஷம் முன்ன சாயம் ஓடிப்போச்சுங்க. அறுபது திண்டு. அத்தனையும் புதுசா தெச்சு அனுப்பினோம். பக்ரீதுக்குன்னு நான் வளத்த ரெண்டு ஆட்டயும் முன்னாடியே வித்துட்டாரு. அந்தம்மாகிட்ட மில்லுக்காரன் சும்மா துணி குடுத்தான்னு சொல்லிட்டாரு."

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"அவங்க மனசு கஷ்டப்படுமேன்னுங்க" என்றார் பாய். அவர் கண் கலங்கியிருந்தது.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "வேலைக்காரன் ஆட்ட வித்து நஷ்டம் கட்ட மாட்டான் பாய். தொழில் பண்றவன்தான் கட்டுவான்" என்றார். பழைய காகிதத்தில் குறுக்கே கோடு போட்டார். செலவு போக மிஞ்சுவதைப் பார்த்தால் வரி கட்டும் அளவுக்கு வரவே வராது என்றார். "ஆமா, விலை யார் சொல்றது?"

"அவங்களே பாத்து அனுப்புவாங்க."

"இனிமே நீங்க சொல்லுங்க. தொழில்காரன்னு எழுதிட்டேன், இல்லன்னா என் எழுத்து பொய்யாப் போயிடும்."

கார்த்திகை தீபம் முடிந்து எல்சாம்மா வந்தாள். டீ கொடுத்தார்கள், அதற்குள் பழகியிருந்த அரைகுறைத் தமிழில் பிள்ளைகளை விசாரித்தாள். பாய் நாலைந்து தடவை தொண்டையைச் சரி செய்தும் பேச்சு வேறு பக்கம் போயிற்று. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டதும்தான் சொன்னார்.

"இந்த வருஷம் ஒரு திண்டு பதினெட்டு ரூபாய்ங்க."

அவள் இதுவரை அனுப்பியது பதினைந்து. எல்சாம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, பஜாரில் வாழைப்பழக்காரியிடம் பேசுகிற அதே குரலில், "ஜாஸ்தி" என்றாள்.

"பஞ்சு வெல ஏறிப்போச்சுங்க."

"பதினாறு."

"பதினேழுக்குக் கம்மியா ஆகாதுங்க." பாய் சொல்லியேவிட்டார்.

"சரி" என்று எல்சாம்மா எழுந்தாள்.

அவள் தெருவில் இறங்கிப் போன பிறகு பாய் கேட்டார், "மனசு நொந்திருப்பாங்களோ?"

"சிரிச்சிக்கினேதான போனாங்க. பாக்கலியா?" என்றாள் மெஹ்ருன்னிசா.

அவர் பார்க்கவில்லை. விலை சொன்ன கூச்சத்தில் குனிந்து, புதுத் துணியில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.