வேப்பிலை செருகிய சந்து

பாலக்கரை லூர்துராணி ஒரு தெருவுக்குள் நுழைகிறாள் என்றால், அதுவரை கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மாயமாகிவிடும். பிள்ளைகளைச் சொல்வானேன், காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிற ஆம்பிளைகளே கொல்லைப்பக்கமாக நழுவுவார்கள். ஒருத்தன் அவளைப் பார்த்து ஓட்டுக்கூரையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் முழித்தான். அவளே ஏணி பிடித்து இறக்கிவிட்டு, இறங்கிய கையோடு குத்தியும் விட்டாள். இத்தனைக்கும் அவள் போலீஸும் இல்லை, வட்டிக்காரியும் இல்லை. நகராட்சியில் அம்மை குத்துகிற வேலை.

கான்வென்டில் படித்தவள். புருஷன் அமிர்தராஜுக்குப் பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. "உனக்கு எதுக்குடி ஊர் பொல்லாப்பு?" என்று அவன் கேட்டதுண்டு. லூர்துராணிக்கோ வீடு வீடாகப் போய்ப் பேசுவது என்றால் தேன் குடித்த மாதிரி. தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதில் அம்மைப்பால் குப்பியை வைத்து, குடையை விரித்துக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவாள். ஆம்பிளை ஊழியர்கள் வாசலோடு நின்றுவிடுகிற முஸ்லிம் வீடுகளில் இவள் அடுப்படி வரைக்கும் போய், டீயும் குடித்து, பேச்சோடு பேச்சாக வேலையை முடித்துவிடுவாள். கையில் மருந்தைத் தடவி, பல்லுப் பல்லாக நுனி வைத்த ஒரு சின்னத் திருகியை வைத்து ஒரு திருகு. அவ்வளவுதான். குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் அடுத்த குழந்தையின் கை இவள் பிடியில் இருக்கும்.

அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனியில் ஊரில் அங்கங்கே அம்மை என்று பேச்சு எழுந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கீரைக்காரச் சந்துக்கு அவள் போனாள். அங்கே இருப்பவர்கள் காய்கறிக் கூடைக்காரிகள், மூட்டை சுமப்பவர்கள், ஓரிரண்டு தையற்காரக் குடும்பங்கள். போன வருஷமே அவளுக்குத் தண்ணி காட்டிய சந்து அது.

சந்து முனையில் திரும்பியதும் லூர்துராணி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வாசலிலும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

வேப்பிலை செருகினால் உள்ளே ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். அந்நியர் யாரும் நுழையக் கூடாது. அதற்காக ஒரு சந்து முழுக்கவா? ஒரு வாரம் முன்னால் இந்தப் பக்கம் வந்தபோது எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்களே! ஆபீசுக்கு ஓடலாமா என்று திரும்பியவளின் மூக்கில் சுரீரென்று ஏறியது ஒரு வாசனை.

கருவாடு. யாரோ நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

லூர்துராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மை போட்ட வீட்டில் கருவாடா? தாளிக்கவே மாட்டார்களே! கடுகு வெடிக்கிற சத்தமே ஆத்தாளுக்கு ஆகாது என்று கஞ்சியும் இளநீருமாகக் காலம் தள்ளுவார்கள். சமயபுரத்தாளுக்கு அவ்வளவு பயந்த சனம் இது. ஆக, இந்த வேப்பிலை ஆத்தாளுக்கு இல்லை, தனக்கு!

மார்க்கெட் வியாபாரம் முடிந்து பெண்கள் வீடு திரும்பி உலை வைக்கிற வேளை. லூர்துராணி குடையை மடக்கிக்கொண்டு, மூக்கை முன்னால் விட்டு நடந்தாள். முதல் வீட்டில் கருவாடு. அடுத்த வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு வெந்தயம் பொரிகிறது. அதற்கடுத்தது தையற்கார மீரான் வீடு. பாய் வீட்டு வாசலிலும் வேப்பிலை! உள்ளேயிருந்து பட்டையும் கிராம்புமாக மணம் தூக்கியது.

மீரானின் மனைவி கமர் ஜஹான் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது, நீங்களுமா?" என்றாள் லூர்துராணி.

"எல்லாரும் செருகுனாங்க. நாங்க மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? கடைசி வீட்டு இருசம்மாக்காதான் வீடு வீடா வந்து இலையைக் குடுத்தாங்க. இதை வெச்சா ஊசியம்மா உள்ள வரமாட்டாங்கன்னு சொன்னாங்க."

"கறி வாசம் பாலக்கரை வரைக்கும் வருதே, அதை யாரு மறைக்கிறது?"

கமர் ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லூர்துராணியும் சிரித்துக்கொண்டேதான் அடுத்தடுத்த வீடுகளைத் தாண்டினாள். சந்தின் கடைசி வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அங்கே எந்த வாசனையும் இல்லை.

அது இருசம்மாளின் வீடு. முருங்கைக்கீரை விற்கிறவள். மார்க்கெட்டில் அவள் கூவினால் மலைக்கோட்டையில் கேட்கும் என்பார்கள். அந்த வீடு இப்போது மூச்சுவிடாமல் கிடந்தது. கதவிடுக்கில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த ஈர நெடி மட்டும் லேசாக வந்தது. சந்து முழுக்க இலையைக் கொடுத்தது எதற்கு என்று லூர்துராணிக்கு அப்போது விளங்கியது. தன் வீட்டு இலை தனியாகத் தெரியக் கூடாது, அதற்குத்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். "இருசம்மாக்கா. யாருக்கு?"

கதவு ஒரு சாண் திறந்தது. இருசம்மாளின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. "மூத்தவ பவுனுக்கு. இப்பதான் முத்து போட்டிருக்கு."

"கைப்புள்ள?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"இப்பவே குத்திட்டா அவனுக்கு வராமலே போயிடலாம்க்கா. தள்ளிப்போட்டா கஷ்டம். குடுங்க அவனை."

இருசம்மாள் அசையவில்லை. "ஆபீசுல சொல்லுவீங்களா?"

இங்கேதான் லூர்துராணிக்குச் சோதனை. சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், பிள்ளை கைக்கு வந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தும் விட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"சொல்லித்தான் ஆகணும். பவுனை வீட்டுலயே வெச்சுக்க விடச் சொல்லிக் கேக்கறேன். விடுவாங்கன்னு இப்பவே சத்தியம் பண்ண முடியாதுக்கா."

"ஊருக்கு வெளிய அம்மைக் கொட்டாயில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. எம்பொண்ணு தண்ணி கேட்டா யாரு குடுப்பா? போங்க நீங்க!" கதவு முகத்தில் அறைகிற மாதிரி சாத்திக்கொண்டது.

லூர்துராணி போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரமாக வெயிலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. பொய் சொல்லியிருக்கலாமோ, அந்தப் பிஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அதற்குள் சேதி சந்தில் பரவிவிட்டது. நிஜமாகவே ஆத்தா இருசம்மாள் வீட்டில் இருக்கிறாள்! நாமோ பொய்யிலையைச் செருகிவிட்டு அவள் மூக்கின்கீழ் கருவாடு வறுத்திருக்கிறோம்! சடசடவென்று அடுப்புகள் அணைந்தன. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர், சமயபுரத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தவர்கள் எத்தனை பேர்! ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு, நம் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில், எல்லாரும் குடையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மூட்டைக்காரன் ஒருத்தன் சட்டையையே கழற்றிவிட்டான். "கைதான்யா வேணும், முதுகு எதுக்கு?" என்றாள் லூர்துராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சந்து சிரித்தது. கமர் ஜஹான் தன் குழந்தையை முதலில் நீட்டினாள். அது வீல் என்று கத்தியது.

அந்தக் கத்தலுக்குத்தான் எதிர்க்கதவு மறுபடி திறந்தது. இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கைப்பிள்ளையைத் தூக்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், லூர்துராணியின் மடியில் வைத்தாள்.

ஆபீசில் லூர்துராணி வாதாடின வாதத்தில், வெளியாள் யாரும் நுழையக் கூடாது, வீட்டில் எல்லாரும் குத்திக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பவுனை வீட்டிலேயே விட்டார்கள். லூர்துராணி தினமும் போய் வாசலில் நின்று விசாரித்தாள். கைப்பிள்ளையின் கையில் குத்திய இடம் கொப்புளித்து, காய்ந்து, பொருக்குத் தட்டியது. அவனுக்கு அம்மை வரவில்லை. பவுனுக்கும் முத்து காய்ந்து குணமாகிவிட்டது. மூக்கின்மேல் நாலைந்து தழும்புகளோடு பழையபடி வாயாட ஆரம்பித்தாள்.

பவுனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று இருசம்மாள் லூர்துராணியை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் ஊசியம்மா. ஆபீசுல சொல்ல மாட்டேன்னு அன்னிக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா, நான் உடனே புள்ளயக் குடுத்திருப்பேனே. ஏன் சொல்லல?"

"அடுத்த தடவை நான் வந்தா நீங்க கதவைத் தொறக்கணுமேக்கா."

லூர்துராணி குடித்து முடித்த டம்ளரை இருசம்மாள் வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மார்க்கெட்டில் விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"மண்ணச்சநல்லூர்ல எங்கண்ணன் இருக்கான். ரைஸ்மில்லுல வேலை. வீடு பூராப் புள்ளைங்க, ஒண்ணுத்துக்கும் குத்தல. எவன் போனாலும் வெளிய தொரத்திடுவான். ஞாயித்துக்கிழமை உங்க பூசை முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. அவன் வாசல்ல நான் முன்னால போறேன்."