குளிர்கோட்டுப் பட்டியல்

சாங்வொன் தொழிற்பேட்டையில் ஃபிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஆலையில் பொங்ஜாவுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். அச்சிலிருந்து பட்டை இறங்கி வரும்போது கட்டைவிரலை அதன்மேல் ஓடவிடுவாள். கண்ணுக்குத் தப்பிய பிசிறு அவள் விரலுக்குத் தப்பாது. "அக்கா விரலுக்குத் தனியா இன்ஷூரன்ஸ் போடணும்" என்று வரிசைப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். வயது ஐம்பத்து மூன்று. இன்னும் ஏழு வருஷம் இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுந்து போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஆள்குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியாது. சியோல் தலைமை அலுவலகத்திலிருந்து கறுப்புக் கார் ஒன்று இரண்டு முறை வந்து போயிற்று. கேன்டீன் சூப்பில் தோஃபு குறைந்தது. மேனேஜர் குவாக் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார்; அவருக்கு மாற்றல் நிச்சயம், ஆலைக்குப் பூட்டு நிச்சயம் என்று கிடங்குக்காரர்கள் அதை வைத்தே முடிவு கட்டினார்கள். நேராகப் போய்க் கேட்டவர் ஒருவரும் இல்லை. மேலே இருப்பவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வாய்விட்டுக் கேட்டால் விவரம் கெட்டவள் என்று பெயர்.

அப்புறம் விருப்ப ஓய்வு அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுப்பவர்களுக்குப் பதினெட்டு மாதச் சம்பளம். அதற்குமேல் எதற்கும் உறுதி கிடையாது. எத்தனை பேரை வேலையிலிருந்து எடுப்பார்கள், யாரை எடுப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கேன்டீன் கதவில் குளிர்கோட்டுப் பட்டியல் வந்தது. வருஷாவருஷம் வருவதுதான். அச்சடித்த பெயருக்கு நேரே அவரவர் அளவை எழுத வேண்டும். பொங்ஜா மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். அவள் பெயர் இல்லை. மறுபடி ஓட்டினாள். இல்லை.

"என் பேரும் இல்லக்கா" என்றாள் பின்னால் நின்ற கேசுன். பதினோரு வருஷமாகப் பக்கத்து ஸ்டூலில் இருப்பவள். "மொத்தம் முப்பத்தியோரு பேர எடுத்திருக்காங்க. நான் எண்ணிட்டேன்."

"எடுத்திருக்காங்கன்னு யாருடி சொன்னா?"

"குளிருக்கு இருக்கமாட்டோம்னு தெரிஞ்சவங்களுக்குக் கோட்டு எதுக்குக்கா? இத வேற வாயத் தொறந்து சொல்லணுமா?"

மறுநாளிலிருந்து பட்டியலில் பெயர் இருந்தவர்கள் இவர்களிடம் மெதுவாகப் பேசினார்கள். எப்போதும் காபிக்கு முந்திக்கொண்டு ஓடும் பேக்கிங் பெண் பொங்ஜாவுக்கு வழிவிட்டு, "நீங்க மொதல்ல எடுத்துக்கங்கக்கா" என்றாள். பொங்ஜா காபியை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

வீட்டில் புருஷன் மன்சிக், "குத்திக் குடுத்துட்டு வந்துரு. கோழி வறுக்கற கடை போடலாம்" என்றான்.

"இந்தத் தெருவுல மட்டும் நாலு கோழிக்கடை. யாருக்கு விப்ப, அந்தக் கடைக்காரங்களுக்கா?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

அவளுக்கே தெரியவில்லை. மூன்று நாளாக, ஆலை தன்னை அனுப்புவதற்கு முன்னால் தானே போய்விடுவது கௌரவம் என்று ஒரு மனசும், போக மாட்டேன் என்று ஒரு மனசும் இழுத்துக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை வேலைவிட்டு வந்ததும் கௌரவம் ஜெயித்தது. முத்திரை துணி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. குனிந்து தொங்கும் துணிகளை ஒதுக்கியபோது பிளாஸ்டிக் உறை முகத்தில் உரசியது. உள்ளே ஆலையின் நீலக் குளிர்கோட்டு. பிரிக்கவே இல்லை. அளவுச் சீட்டில் தொண்ணூற்றைந்து என்று போட்டிருந்தது.

போன குளிருக்கு அந்த அளவு மட்டும் தீர்ந்துபோய், மார்ச்சில் செர்ரி மொட்டு விடும்போதுதான் வந்து சேர்ந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டு, இனி எதற்கு என்று அலமாரியில் திணித்தவள் அவள்தான். கேசுனும் அதே அளவு. கேன்டீன் கிம்மும் அதே அளவு. தரையில் உட்கார்ந்து, பட்டியலில் பெயர் இல்லாத ஒவ்வொருவர் தோளாக நினைத்துப் பார்த்தாள்; எல்லாரும் அதே அளவு, மார்ச்சில் கோட்டு வாங்கினவர்கள். முத்திரையை எடுக்காமல் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கேசுனிடம் கோட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"நேத்து சாயங்காலமே குத்திக் குடுத்துட்டேன்க்கா."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியாடி?"

"நீங்களும் குடுக்கத்தானே போறீங்கன்னு நெனச்சேன். அதக் கேட்டு உங்க மனச எதுக்கு நோகடிக்கணும்னுதான்…"

மத்தியான இடைவேளையில் பொங்ஜா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். கோட்டுப் பட்டியலைப் பற்றி அவள் கேட்டதும் குவாக் எழுந்தே நின்றுவிட்டார்.

"கோட்டா? போன மார்ச்சுல வாங்கினவங்களுக்கு இந்த வருஷம் கெடையாது, அவ்வளவுதானே. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அப்ப ஆள்குறைப்புப் பட்டியல்ல என் பேர் இருக்கா, சார்?"

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். குவாக் ஜன்னலைப் பார்த்தார். "அப்படியெல்லாம் நேரா கேக்கக் கூடாதும்மா."

"இத்தன நாளா சூப்பையும் உங்க தலமுடியையும் பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது, சார். இருக்கா, இல்லையா?"

"எனக்கே தெரியாது" என்றார் அவர், குரல் இறங்கி. "என் பேரே இருக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை என்று பட்டது. "அப்ப நான் குத்தமாட்டேன். என்ன அனுப்பணும்னா காகிதத்துல எழுதி, காரணம் போட்டு, என் கையில குடுக்கட்டும். இவ குடுத்தத திருப்பிக் குடுங்க."

"அது காலைத் தபால் பையில சியோலுக்குப் போயிடுச்சே."

பொங்ஜா அவர் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்துக் கேசுன் முன்னால் வைத்தாள். "எழுதுடி. குடுத்தத வாபஸ் வாங்கறேன்னு எழுது." கேசுன் எழுதி, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினாள். குவாக் வாங்கித் தட்டில் போடப் போனார். பொங்ஜா நகரவில்லை. "வாங்கின நேரத்தப் போட்டு, நகல் குடுங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது என்று எழுதிக் கொடுத்தார். அது செல்லுமா, செல்லாதா என்று சியோல்தான் சொல்ல வேண்டும். ஆறு மணிக்குச் சங்கு ஊதியபோது பொங்ஜா கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நல்ல வெயில். சட்டையோடு வந்தவர்களுக்கு நடுவில் பொங்ஜா நீலக் குளிர்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியில் வியர்வை.

"என்னக்கா இது, குளிரே இன்னும் வரலியே?" என்றாள் பேக்கிங் பெண்.

"வரும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் பட்டையின்மேல் கட்டைவிரலை வைத்தாள். பக்கத்து ஸ்டூலில் கேசுனும் தன் கோட்டின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.