வந்ததோ இல்லையோ தெரியாத நோய்க்கு

எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, உடம்பில் ஒரு பருகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த நேரம், கப்பலில் வேலை செய்யும் என் கணவர் அழைத்தார். அவருடைய இரத்தத்தில் சிபிலிஸ் (பாலுறவால் தொற்றும் நோய், தொடக்கத்தில் பலருக்கு அடையாளமே தெரியாது) இருக்கிறதாம். துறைமுக ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாயிற்றாம். அவர் லீவில் வந்து போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

“நீயும் போய்க் காட்டு. பிந்தாதே,” என்றார். பிறகு அழுதார். யார், எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெயரோடும் நான் தனியே இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அரச கிளினிக்குக்குப் போனேன். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். பெண்கள் உட்காரும் நீள வாங்கில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டொக்டர் சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். தொற்றியிருந்தாலும் சில வாரங்களுக்கு இரத்தத்தில் தெரியாமல் இருக்கலாம், அதனால் முடிவுக்குக் காத்திராமல் இன்றே மருந்து தொடங்க வேண்டும் என்றார். சின்ன வயதில் பெனிசிலின் ஊசிக்கு என் முகம் வீங்கியதைச் சொன்னேன். அதனால் டொக்ஸிசைக்லின் (கிருமிகளை அடக்கும் குளிசை), காலையும் மாலையும், பதினான்கு நாள்.

“கர்ப்பமா இருக்க முடியுமா? அப்படியென்றால் இது தர ஏலாது.”

பதினொரு வருடமாக இல்லை என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு, அதையும் ஒருமுறை பார்ப்போம் என்றார். இல்லை என்று வந்தது. அந்த விடை எனக்கு உதவியது அதுவே முதல் தடவை.

குளிசைக்கு ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உடனே படுக்கக் கூடாது. அந்த நேரத்தில் பால் கூடாது. வெயில் சுடும், குடை பிடியுங்கள். இதை வாசிக்கும் உங்களுக்கும் இதே அழைப்பு வந்திருந்தால், அடையாளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் தனியே போனேன்.

நான்காம் நாள் காலை வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். கீழ் வீட்டில் இருக்கும் கணவரின் அக்கா, ரீட்டா மச்சாள், சத்தம் கேட்டுப் பால்தேத்தண்ணியோடு மேலே வந்தார். கோப்பையை நீட்டியபடியே என் வயிற்றைப் பார்த்தார்.

“பிள்ளை, நாள் தள்ளிப் போயிருக்கோ?”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. இல்லை மச்சாள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் தேத்தண்ணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, படிகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று இறங்கினார். தம்பியைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது.

முதல் நாள் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை இரத்தம் பார்த்தார்கள். சுத்தம். அப்படியென்றால் எனக்குத் தொற்றவே இல்லையா, அல்லது தொற்றியதை மருந்து அழித்ததா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் கணவர் அழைத்தார். தன் இரத்தத்தில் நோயின் அளவு குறைந்துகொண்டு வருகிறதாம். தை மாதம் வருவாராம்.

“வாங்கோ,” என்றேன். “முதல்ல ரெண்டு பேரும் கிளினிக்குக்குப் போவம். மிச்சத்தை அதுக்குப் பிறகு கதைப்பம்.”

“ஓம்” என்றார்.

முன்பு அவருடைய லீவுத் திகதியை வைத்தே என் வருடம் நகரும். இப்போது ஒவ்வொரு காலையும் யன்னலடியில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்க்கிறேன். அந்த நோயின் தடிப்பு அங்கேயும் வருமாம். ஒன்றும் இல்லை. ஆனாலும் அவசரப்படாமல் பார்க்கிறேன். நாற்பத்திரண்டு வயதில்தான் என் கை ரேகைகள் எனக்குப் பாடமாகியிருக்கின்றன.