அப்பத்துக்கென்று வடித்த அரிசிக் கள்ளு

எங்கள் அம்மா பொய் சொல்லாதவர் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி சித்தி சொன்னார். எழுதமாட்டேன். அம்மா ஒரேயொரு பொய்யை விடாமல் சொல்லிவந்தார். இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா கரவெட்டியில் பிறந்தார். சகோதரர்களில் மூத்தவர். படிப்பில் கெட்டிக்காரி என்றாலும் நாட்டில் நடந்த சண்டை அவரைப் படிக்கவிடவில்லை. அப்பா முதலில் இங்கு அகதியாக வந்து வில்லாவுட் தடுப்புமுகாமில் அடைபட்டிருந்த காலத்தில், தையல் மெசினை நம்பி என்னையும் தம்பியையும் வளர்த்தார். பிறகு நாங்கள் எல்லோரும் ஸ்பிரிங்வேலில் ஒன்றுசேர்ந்தோம். ஓய்வு பெறும்வரை வயோதிபர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தார். சுகமில்லையென்று அவர் வீட்டில் நின்றதை நான் கண்டதில்லை.

இந்த நாட்டில் அம்மாவுக்கு இருந்த பெரிய குறை அப்பம். கள்ளு விட்டுப் புளிக்கவைக்காத மாவில் சுட்டது அப்பமே இல்லை என்பார். "ஈஸ்ற் போட்டால் பாண் மணமெல்லோ வருது!" பக்கத்து வீட்டு வியட்நாம் அன்ரி ஒருநாள் தான் செய்த இனிப்பு அரிசிக் கள்ளைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதில் கொஞ்சத்தை மாவில் விட்டார், கொஞ்சத்தை வாயில் விட்டார். அன்றே பிடித்துப்போயிற்று.

முதல்முறை தானே செய்தபோது, எங்கள் பழக்கத்தில் புழுங்கல் அரிசியைக் கஞ்சி வடித்து, ஆறமுன் அன்ரி கொடுத்த ஈஸ்ற் உருண்டையைத் தூளாக்கிக் கலந்துவிட்டார். நாற்றம் தெருவுக்கே போனது. அன்ரி தலையில் கைவைத்துச் சிரித்தார். பிறகு அன்ரி காட்டியபடி அம்மா ஒட்டரிசியை நீத்துப்பெட்டியில் ஆவியில் அவித்து, சுளகில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் தூளைத் தூவினார். சாடியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார். சில நாளில் தேன்போல் ஊறியது.

அப்பம் சுடாத கிழமைகளிலும் சாடி ஊறிக்கொண்டிருந்தது. பின்னேரங்களில் சின்னக் கிளாஸோடு குசினிக் கதிரையில் இருப்பார். ஆராவது வந்தால், "அப்பத்துக்கு வைச்சனான், பதம் பாக்கிறன்" என்பார். ஆண்கள் கராஜில் போத்தலோடு இருந்து பாட்டுப் பாடலாம். அம்மா மட்டும் பதம் பார்க்கவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசிச் சாடியைப் போட்ட மறுநாள் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம், "சாடியை அன்ரியைப் பாக்கச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அம்மா கதைக்கவில்லை.

அன்ரி அந்தக் கள்ளை வடித்துப் பிரிட்ஜில் வைத்துக் காத்தார். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, இறந்தவர் விரும்பியதையெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். அம்மாவின் கள்ளும் அங்கே இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

"உனக்கென்ன விசரே? பொம்பிளையளுக்கு ஆர் குடிவகை படைக்கிறது? சனம் என்ன சொல்லும்?" என்றார் சித்தி.

"மாமான்ரை எட்டுச் செலவுக்கு முழுப் போத்தல் வைச்சனீங்கள்தானே, சித்தி?"

"அவர் ஆம்பிளை!"

அம்மா போனதிலிருந்து மூலையிலேயே இருந்த அப்பா எழுந்தார். அந்தச் சின்னக் கிளாஸை நிரப்பி, வாழையிலையில் அப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது குடிவகை இல்லை," என்றார். "அப்பத்துக்கு."

நான் விம்மி அழுதேன். சித்தியும் அழுதார். படைத்ததைப் பகிர்ந்தபோது அவரும் ஒரு வாய் குடித்தார். போகும்போது என்னைக் குசினிக்குள் இழுத்து, "மிச்சம் இருக்கோ பிள்ளை? சின்னப் போத்தலொண்டிலை தாவன். அப்பத்துக்கு," என்றார். சித்தி, எழுதிவிட்டேன் என்று கோபிக்கவேண்டாம்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், கிரியைகளை நடத்திய ஐயா, சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிடவைத்த அயலவர்கள், சாடியைக் காத்த வியட்நாம் அன்ரி எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று ஆண்டுத் திவசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுத்தான் போகவேண்டும். அப்பம் இருக்கிறது. பக்கத்திலேயே சின்னக் கிளாஸ்களும் நிரப்பி வைத்திருக்கிறோம். எடுக்கும் பெண்கள் எவரும் காரணம் சொல்லத் தேவையில்லை.