ஞாயிற்றுச் சோறும் தம்பியின் கட்டுரையும்

தம்பி யூனிவர்சிட்டி முடித்த கையோடு பிசினஸ் ஸ்கூலுக்கு மனுப் போட ஆரம்பித்தான். அப்பா அம்மா இல்லை. சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். நான், என் வீட்டுக்காரர், அவன். நுழைவுப் பரீட்சைக்கு ஆறு மாதம் படித்தான். சாப்பாட்டு மேசை முழுக்க அவன் புத்தகம். நாங்கள் இரண்டு பேரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை. மார்க் நன்றாக வந்தது.

மார்க் மட்டும் போதாதாம். கட்டுரை எழுத வேண்டும். ஊருக்கு என்ன செய்தாய், எதை முன்னால் நின்று நடத்தினாய் என்று கேட்பார்களாம். பிறகு இன்டர்வியூ. அதற்கு ஒரு கோச் வைத்துக்கொண்டான். கம்ப்யூட்டரில் வருவார்.

ஒரு சனிக்கிழமை நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அவன் கோச்சிடம் பேசிப் பழகினான். நான் செக்கண்டரி டூவோடு, அதாவது எட்டாவதோடு, படிப்பை நிறுத்தியவள். கடையில் பேசுகிற அளவு இங்கிலீஷ் வரும். அவன் சொன்னது விளங்கியது. கையில் அடிபட்ட ஒரு தொழிலாளி தன்னைத் தேடி வந்து அழுதாராம். அவருக்குத் தான் சோறு கொடுத்தானாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அறுபது பேருக்குச் சமைத்துப் போடும் குழுவைத் தான் ஆரம்பித்து நடத்துகிறானாம்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

அந்த ஆள் வந்தது என்னிடம். லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு. ஒரு பேண்டுக்கு ஜிப் மாற்றக் கொண்டுவந்தார். வலது கையில் கட்டு. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் அடிபட்டது. கம்பெனி தங்கும் இடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. நஷ்டஈடு வரும்வரை ஊருக்குப் போக முடியாது, வேலையும் செய்யக்கூடாது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் என் சாப்பாட்டு டப்பாவையே பார்த்தார். கொடுத்தேன். இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழவில்லை.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். நான் எங்கள் மாதா கோயில் பெண்களிடம் சொன்னேன். ஃபாதரிடம் கேட்டு ஹால் அடுப்படியை வாங்கினேன். இரண்டு வருஷமாக ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சமைக்கிறோம். தம்பி இரண்டு தடவை வந்தான். ஒருநாள் அரிசி மூட்டை தூக்கினான். ஒருநாள் போட்டோ எடுத்தான்.

கோச் போனதும் கேட்டேன்.

"டேய், அது யார் பண்ணது?"

"அக்கா, சும்மா கட்டுரைக்குத்தான். ஒரு ஸ்டோரி இல்லைன்னா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்களாம்."

"உன் ஸ்டோரியைச் சொல்லு."

"என்கிட்ட என்ன இருக்கு? படிச்சேன். அவ்வளவுதான் லா."

"அதைச் சொல்லு."

சிரித்தான். "நீ எந்த ஸ்கூலுக்கு மனுப் போடப் போற? உன்கிட்ட இருந்து அது வேஸ்ட்டாத்தானே போகுது."

வேஸ்ட் என்றான்.

என் வீட்டுக்காரர் சோபாவில் இருந்தபடியே கேட்டார். "மச்சான், அறுபது பேருக்கு எத்தனை கிலோ அரிசி போடணும்?"

"ஒரு... மூணு?"

"மூணா? பத்தலைன்னு உன்னையே பிச்சுத் தின்னுடுவாங்கடா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனுவை ஏற்கெனவே அனுப்பிவிட்டான் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்கூலில் விசாரிப்பதற்கு, சொந்தமில்லாத வெளி ஆள் ஒருவருடைய பெயரும் நம்பரும் கேட்டிருக்கிறார்கள். என்னுடையதைக் கொடுத்திருக்கிறான். அவன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். என் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர். அக்கா தம்பி என்று யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்திருக்கிறான். எனக்குப் பதவியும் போட்டிருந்தான். அவனுடைய உதவியாளர்.

"ஃபோன் வந்தா ஆமான்னு மட்டும் சொல்லுக்கா. ரெண்டு நிமிஷம்."

"தப்பா எழுதிட்டேன்னு அவங்களுக்குச் சொல்லு. இல்லைன்னா நான் உள்ளதைச் சொல்லிடுவேன்."

"நீ சொல்ல மாட்ட."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அவன் பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவள் நான். ரிப்போர்ட் புக்கில் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் அவனுக்கு அவ்வளவு நிச்சயம். மறுநாள் ஞாயிறு. நான் கோயிலுக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தான்.

பத்து நாள் பொறுத்தேன். அவன் ஒன்றும் மாற்றவில்லை.

ஃபோன் வந்தபோது கடையில் ஒரு பிளவுஸின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண். மரியாதையாகப் பேசினார். தம்பி பெயரைச் சொல்லி, இந்தக் குழுவை ஆரம்பித்தது அவர்தானா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் இல்லை, நான். அவன் என் தம்பி. இரண்டு ஞாயிறு வந்தான், அரிசி தூக்கினான், போட்டோ எடுத்தான். நிச்சயமாகத்தானே சொல்கிறீர்கள் என்றார். நிச்சயம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பிளவுஸில் நன்றாக இருந்த தையலையும் சேர்த்துப் பிரித்துவிட்டேன்.

இடம் கிடைக்கவில்லை. நேராகக் கடைக்கு வந்தான்.

"ஒரு பொய்க்கா. ஒண்ணே ஒண்ணு. எல்லாரும்தான் எழுதுறாங்க. சொந்த அக்காவே என் லைஃபைக் கெடுத்துட்ட."

"இத்தனை நாள்ல ஒரு வெங்காயம் உரிச்சிருக்கியாடா நீ?"

"வெங்காயம் பெருசா, என் படிப்புப் பெருசா?"

"வெங்காயம்தான்."

"வெளியில போய்ச் சண்டை போடுங்க லா, கஸ்டமர் நிக்கிறாங்க," என்றார் முதலாளியம்மா.

அந்த வாரமே உட்லண்ட்ஸில் ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய்விட்டான். சாப்பாட்டு மேசை காலியானது. நாங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த முறை வேறு ஸ்கூலுக்கு மனுப் போட்டான். இடம் கிடைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்கு ஃபோன் போட்டு, தாய் மாதிரி வளர்த்தாய் என்று பாராட்டினார்கள். சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, கிடைச்சிடுச்சு."

"யார் நம்பர் குடுத்த?"

"ஃப்ரெண்டோடது."

"என்னன்னு எழுதின?"

"அதை விடுக்கா, பஸ் வந்திடுச்சு." பின்னால் பஸ் நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. அதே கதையைத்தான் கொடுத்திருக்கிறான்.

ஃபோனை வைத்தேன். இன்றுவரை அவனுக்கு நான் வாழ்த்துச் சொல்லவில்லை.